டீ வாங்காத அடி

சுத்தியல் குறி தப்பி விரல் மேல விழுந்துச்சுன்னா, விரலுக்குச் சொந்தக்காரர்தான் பட்டறைக்கே டீ வாங்கித் தரணும். எங்க பக்கத்துத் தச்சுப் பட்டறையில அதுதான் சட்டம். கத்தக் கூடாது, விரலை வாயில வச்சுக்கிட்டு ஆடக் கூடாது, காம்பு ஆடுது, ஆணி கோணல்னு சாக்குச் சொல்லக் கூடாது. "கண்ணு எங்கேயோ மேயப் போச்சுல்ல, அதுக்குத் தண்டம்"னு பாலீஷ்காரர் சொல்லுவார். கடைக்குக் குரல் கொடுக்கிறது, டம்ளர் எண்ணி வாங்குறது, யாருக்குச் சர்க்கரை கம்மின்னு ஞாபகம் வச்சுக்கிறது எல்லாம் அவர் பொறுப்பு. அதனால அவருக்கு டீ மந்திரின்னே பேர் ஆயிடுச்சு.

எனக்கும் அந்தப் பட்டறைக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவர்தான். இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் அவங்க இழைப்புளி. இருபது வருஷமா அவங்க மரத்தூள் என் துணியில, என் நூல் பிசிறு அவங்க வார்னிஷ்ல. சண்டை போட்டுப் போட்டு அலுத்துப் போய் சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டோம். டீ வந்தா சுவர்ல இருக்கிற குட்டி ஜன்னல் வழியா எனக்கும் ஒரு டம்ளர் நீட்டுவாங்க. இன்னைக்கு யார் விரல்னு கேட்டுட்டுத்தான் குடிப்பேன். அடுத்தவங்க வலியில நமக்கு டீ, கசக்குமா என்ன?

பட்டறை அண்ணன் தம்பி ரெண்டு பேரோடது. பின்னாடியே வீடு. அண்ணனைப் பெரியவர்னும் தம்பியைச் சின்னவர்னும் தெருவே சொல்லும். அவங்க பொண்டாட்டிங்களை நான் பெரியவ, சின்னவன்னு கூப்பிடுவேன். சின்னவருக்கு ரெண்டு பெண் பிள்ளைங்க. பெரியவருக்குப் பிள்ளை இல்ல. அவர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

எப்படிப் போனார்னு கேட்டா நம்ப மாட்டீங்க. இடது குதிகால்ல ஒரு கருப்புப் புள்ளி. அவ்வளவுதான் ஆரம்பம். தச்சன் கால்ல சிராய் குத்துறது புதுசா? சிராய் குத்தி உள்ளேயே கருத்துப் போச்சுன்னு அவரும் விட்டுட்டார், பெரியவளும் விட்டுட்டா. நடுவுல ஒரு தடவை ஊசியைச் சுட்டுத் தோண்டியும் பார்த்தா. சிராய் வரல, ரத்தம்தான் வந்துச்சு. அப்புறம் அது புண்ணாச்சு, புண்ணு ஆறல, தொடை இடுக்குல கட்டி வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனப்போ தோல்ல வந்த புத்துநோய், நுரையீரல் வரைக்கும் போயிடுச்சுன்னாங்க. தோல்ல கூடப் புத்து வருமான்னு நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு நின்னோம். வெயில்ல வெள்ளைத் தோல்காரங்களுக்கு வர்றதுன்னு நினைச்சிருந்தோம். நம்மள மாதிரி கருத்த தோலுக்கு அது வெயிலே படாத இடமாப் பார்த்து வருமாம். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில. டாக்டர் சொல்லித்தான் தெரியும், சொன்னப்போ காலம் கடந்து போச்சு.

கடைசி ஆறு மாசமும் அவர் வேலையை விடல. இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். தரையெல்லாம் மரத்தூளா, அந்தக் கால் இழுபடுற சத்தம் சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். சர்ர், டக். சர்ர், டக். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே எத்தனையோ சட்டைக்குக் காலர் தைச்சிருக்கேன். அது நின்ன அன்னைக்கு எனக்கு ஊசி கோர்க்கவே வரல.

அவர் போன பிறகு பெரியவ அழுது அடங்கிட்டா. ஆனா அவ கண்ணு மாறிப் போச்சு. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டா. பேசுறவங்க கழுத்தைப் பார்ப்பா, கையைத் திருப்பிப் பார்ப்பா, செருப்பை விட்டுட்டு உள்ள வந்தா காலைப் பார்ப்பா. மரக்கடைக்காரர் ஒரு தடவை பயந்தே போயிட்டார், உங்க அண்ணி என் காதையே பார்க்குறாங்க, என்ன விஷயம்னு சின்னவர்கிட்ட கேட்டாராம். பிள்ளைங்க ரெண்டும் மத்தியானம் தூங்கும்போது உள்ளங்காலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பா. கடைசியில அதுங்க காலுறை போட்டுக்கிட்டுத் தூங்க ஆரம்பிச்சிடுச்சுங்க. சின்னவளுக்கு அது பிடிக்கல. வாய் விட்டுச் சொல்லவும் முடியல, முணுமுணுப்பா.

பட்டறையில பெரியவர் நின்னு வேலை செஞ்ச மேஜை பக்கத்துல மட்டும் தூளைக் கூட்ட விட மாட்டா. ரெண்டு வருஷத் தூள் அங்க கிடக்கு. ஆளுங்க அதை மிதிக்காம சுத்திப் போவாங்க.

ஒரு மணிக்கு ரம்ப மெஷினை நிறுத்திட்டுப் பட்டறையில எல்லாரும் சாப்பிடப் போவாங்க. தெருவே கப்புச்சிப்புன்னு ஆயிடும், வெயில் மட்டும் அடிக்கும். மழைக்காலம் முடிஞ்ச சமயம், அந்த ஒரு மணிக்கு எனக்குச் சத்தம் கேட்க ஆரம்பிச்சுது. சர்ர், டக். சர்ர், டக்.

நான் பேய் பிசாசுக்குப் பயப்படுறவ இல்ல. உயிரோட இருக்கிறதுங்க பண்ற அநியாயத்துக்குப் பேய் எம்மாத்திரம். ஆனா முதல் நாள் கேட்டப்போ கால்ல இருந்து தலை வரைக்கும் சிலிர்த்துப் போச்சு, பொய் சொல்ல மாட்டேன். என் தையல் மெஷினை வேகமா ஓட்டினேன். நிறுத்தினா மறுபடி கேட்குது. மேஜை வரைக்கும் போகுது, திரும்புது, கதவு வரைக்கும் வருது. அப்புறம் நிசப்தம். நாலு நாள் பார்த்தேன். அஞ்சாவது நாள் எனக்குக் கோபம் வந்துடுச்சு. செத்த மனுஷன் நிம்மதியா இருக்கக் கூடாதா, இல்ல இருக்கிறவங்களை நிம்மதியா இருக்க விடக் கூடாதான்னு, சின்னவர் தைக்கக் கொடுத்திருந்த கிழிஞ்ச ஏப்ரனைச் சாக்கா எடுத்துக்கிட்டு நேரா பட்டறைக்குள்ள போயிட்டேன்.

பெரியவ மரக்கட்டை மேல உட்கார்ந்திருந்தா. கால்ல பெரியவரோட கட்டு பூட்ஸ். அவ காலுக்கு அது தோணி மாதிரி இருந்துச்சு, நடந்தா சர்ர், டக்னு இழுபடத்தான் செய்யும். முன்னாடி ஒரு சின்ன மேஜைக் கடிகாரம். நான் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கல. குனிஞ்சு லேஸை அவுத்தா, ஓட்டை ஓட்டையா தளர்த்தினா, பூட்ஸை உருவினா, கடிகாரத்தைப் பார்த்தா.

"என்னடி பண்றே?"

"நாப்பது செகண்டு, டெய்லரக்கா."

"என்ன நாப்பது செகண்டு?"

"இதைக் கழட்டறதுக்கு. நேத்து நாப்பத்தி நாலு ஆச்சு. என்ன மெதுவாக் கழட்டினாலும் ஒரு நிமிஷம் தாண்ட மாட்டேங்குது."

நான் ஏப்ரனைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். அவ பேச ஆரம்பிச்சா. ரெண்டு வருஷமா யார்கிட்டயும் பேசாததை ஏன் என்கிட்ட பேசினான்னு தெரியல, சத்தத்தைக் கேட்டுட்டு வந்த ஒரே ஆள் நான்தான்னு இருக்கும்.

"நாலு வருஷம் முன்னாடி அந்தத் தோல் பார்க்கிற வண்டி வந்துச்சுல்ல, சந்தை முனைக்கு."

வருஷா வருஷம் வரும் அந்த வண்டி. பெரிய ஆஸ்பத்திரியில இருந்து ஒரு டாக்டரும் நர்ஸும். தலையில இருந்து கால் வரைக்கும் பார்ப்பாங்க, பத்து நிமிஷம், காசு இல்ல. என் தோலை என்ன விலைக்கு எடுப்பாங்களாம்னு பெரியவர் கிண்டல் பண்ணுவார்.

"அந்த வருஷம் நான்தான் இழுத்துட்டுப் போனேன், அக்கா. ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டப் போற வழி. வேலைக்குப் போற பூட்ஸோடவே வந்தாரு. சட்டையைக் கழட்டச் சொன்னாங்க, கழட்டினாரு. முதுகு பார்த்தாங்க, காது மடலைப் பார்த்தாங்க, தலை முடியை விலக்கிப் பார்த்தாங்க. கையைப் பார்த்தாங்க. அப்புறம் அந்த நர்ஸு, பூட்ஸைக் கழட்டுங்கன்னு சொல்லுச்சு. அவர் குனிஞ்சாரு. பின்னாடி வரிசை நிக்குது, வெயிலு, கதவு வேற எங்க வண்டியில கிடக்கு, தம்பி ஆரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு. நான் சொன்னேன், கால்ல ஒண்ணுமில்லம்மா, சிராய் குத்தின தழும்பு ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான், நான்தான் தினம் பார்க்கிறேனேன்னு."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"கழட்டினா நல்லதுன்னு சொல்லுச்சு. நான் சிரிச்சேன். இத்தனை லேஸு அவுத்துக் கட்டறதுக்குள்ள பொழுது போயிடும்மான்னேன். அது எழுதிக்கிச்சு. கால் பார்க்கலைன்னு எழுதிச்சோ, கால் நல்லா இருக்குன்னு எழுதிச்சோ, தெரியல. அவர் நிமிர்ந்துட்டாரு. நான் சொன்னா கேட்பாரு அக்கா அவரு. எதுக்குமே எதிர்த்துப் பேச மாட்டாரு."

அவ அழல. அழுதிருந்தா கட்டிப் பிடிச்சிருப்பேன். பூட்ஸை மறுபடி கால்ல மாட்டிக்கிட்டு லேஸைக் கோர்க்க ஆரம்பிச்சா. போதும் விடுடின்னு சொல்ல வாய் வந்துச்சு, சொல்லல. ஏப்ரனை மேஜை மேல வச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் சின்னவர் விரலை அவ பார்த்தது.

சின்னவர் இடது கட்டை விரல்ல எப்பவும் கருப்பு டேப்பு சுத்தியிருப்பார். தச்சு வேலைக்காரங்க பாதிப் பேர் அப்படித்தான். ஆனா இழைச்ச மரம் வழுவழுன்னு வந்திருக்கான்னு கட்டை விரலால தடவித்தான் பார்க்கணும், டேப்பு இருந்தா தெரியாது. அன்னைக்கு ஒரு அலமாரிக் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முடிச்சுட்டு, டேப்பை உருவிட்டுத் தடவிக்கிட்டிருந்தார். பெரியவ குடிக்கத் தண்ணி கொண்டு வந்தவ அப்படியே நின்னுட்டா. நான் ஜன்னல் பக்கம் பட்டன் ஓட்டை போட்டுக்கிட்டிருந்தேன்.

"தம்பி, அந்த விரல் என்ன?"

"அடி, அண்ணி. சுத்தியல்."

"எப்போ?"

"ஆச்சு, ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசம்னா இந்நேரம் நகத்தோட நகர்ந்திருக்கணுமே. அடிபட்ட கருப்பு நகம் வளர வளர மேல போயிடும். இது அடியில இருந்து நுனி வரைக்கும் கோடா நிக்குதே."

"பெரிய அடி அண்ணி. விடுங்க, தண்ணியைக் குடுங்க."

அவ தண்ணியைக் குடுக்கல. பாலீஷ்காரர் பக்கம் திரும்பினா.

"மந்திரி, அந்த அடிக்கு டீ குடிச்சீங்களா?"

டீ மந்திரி பஞ்சை வார்னிஷ் கிண்ணத்துலயே போட்டுட்டு யோசிச்சார். "இந்த மாசம் ரெண்டு டீ. ஒண்ணு என்னோடது, இந்தா, இந்த நடு விரல். இன்னொண்ணு ரம்ப மெஷின்காரரோடது. சின்னவர் கடைசியா வாங்கினது மழைக்கு முன்னாடி. அது சுண்டு விரல்." அப்புறம் ரம்ப மெஷின்காரரைப் பார்த்தார். "நீ குடிச்சியாடா?"

"நான் லீவுல இருந்தப்போ வாங்கியிருப்பாருன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன்ல, அன்னைக்கு இருக்கும்னு." மந்திரி ஜன்னல் பக்கம் வந்தார். "டெய்லரம்மா, நீங்களாவது குடிச்சீங்களா?"

"நான் எந்த டீயையும் விட்டவ இல்ல. இவர் கட்டை விரலுக்கு நான் குடிக்கல."

பாருங்க, எட்டு மாசமா அந்த விரலை எல்லாரும் பார்த்திருக்கோம். எட்டு மாசம்னு அப்புறம்தான் அவரே ஒத்துக்கிட்டார். ஆளாளுக்கு, நாம இல்லாத அன்னைக்கு டீ வந்து போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டோம். தச்சன் நகம் கருத்திருந்தா அடிதான், அதுல கேள்வி கேட்க என்ன இருக்கு. தச்சு வேலை இல்லாத வேற யார் வீட்டுலயாவது இருந்திருந்தா, இது என்னன்னு முதல் வாரமே கேட்டிருப்பாங்க.

சின்னவருக்கு முகம் சிவந்துடுச்சு. "ஒரு டீக்காகவா என்னை நிக்க வச்சுக் கேள்வி கேட்குறீங்க? இப்போ வாங்குறேன், போதுமா?" வாசலுக்குப் போய் எதிர்க் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணே, இங்க ஏழு டீ."

"இப்போ வாங்கினா அது அடியாயிடுமா, தம்பி?"

அவர் வாசல்ல இருந்து திரும்பி வந்தார். அலமாரிக் கதவு மேல கையை வச்சுக்கிட்டு நின்னார். அப்புறம் மெதுவாத்தான் பேசினார்.

"கட்டை விரல், அண்ணி. சுண்டு விரலா இருந்தா நானே உளியை வச்சு வெட்டிப் போட்டுட்டு வந்திருப்பேன். இது இல்லைன்னா ஆணியை எதால பிடிப்பேன்? அளவு கோலை எதால அழுத்துவேன்? அண்ணனுக்கு முதல்ல காலை எடுக்கணும்னாங்க. அப்புறம் எடுத்தாலும் பிரயோஜனம் இல்லைன்னாங்க. எனக்கு ரெண்டுல எதைச் சொல்லப் போறாங்கன்னு கேட்கிற தெம்பு இல்ல. ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டிருக்கேன்."

இதுக்குள்ள சின்னவ உள்ள இருந்து ஓடி வந்துட்டா, கையில கழுவின பாத்திரத்தோட. புருஷன் சொன்னது காதுல பாதி விழுந்திருக்கு, மீதியைப் பெரியவ முகத்துல படிச்சுட்டா.

"அக்கா, அடின்னு அவர் என்கிட்டயே சொன்னாரு. அடிதான். நீங்க சும்மா இருங்க."

"நீ அந்த விரலை ஒரு தடவை பாரும்மா."

"நான் பார்க்க மாட்டேன். நீங்க பார்க்கிறதே போதும். நீங்க பார்த்துப் பார்த்துத்தான் எங்களுக்கு எல்லாம் வருது. பிள்ளைங்க காலைப் பார்த்தீங்க, ராத்திரியெல்லாம் பயந்து சாகுதுங்க. இப்போ இவரு. ஒருத்தரைக் கொடுத்தது போதாதா இந்த வீட்டுக்கு? நீங்க அன்னைக்கு இப்படிப் பார்த்திருந்தா மாமா இருந்திருப்பாருல்ல."

சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கிட்டா. எனக்கு ஜன்னலைச் சாத்திடலாம்னு தோணுச்சு, கை வரல.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்," பெரியவ சொன்னா. குரல்ல கோபம் துளி இல்ல. "வண்டியில அந்த நர்ஸு அவரைப் பூட்ஸைக் கழட்டச் சொல்லுச்சு. வேணாம்னு சொன்னது நான். அவர் குனிஞ்சு லேஸ் மேல கை வச்சுட்டாரு. ஒண்ணுமில்லன்னு அவர் சார்பா நான் பதில் சொன்னேன். இன்னைக்கு நீ உன் புருஷன் சார்பா அடிதான்னு சொல்றே பாரு, அதே மாதிரி. அதே குரல்ல."

சின்னவ பாத்திரத்தைக் கீழே வச்சா. அப்புறம் போய்ப் புருஷன் கையைப் பிடிச்சுத் திருப்பி, வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பார்த்தா. நகத்துக்கு அடியில மட்டும் இல்ல, நகம் முளைக்கிற இடத்துல தோல் மேலயும் கருப்பு ஏறியிருந்துச்சு, மை சிந்தின மாதிரி.

"அடின்னா இங்க எதுக்குங்க கருப்பு?" அவ கேட்டா. அவர் கையை இழுத்துக்கல.

டீ வந்துச்சு. ஏழு டம்ளரும் அலமாரிக் கதவு மேல வரிசையா நின்னு ஆடை கட்டிப் போச்சு. டீ மந்திரி ஆயுசுல தொடாத டீ அது ஒண்ணுதான்.

மறுநாளே வண்டி வர்ற நாள். சின்னவர் குனிஞ்ச தலை நிமிராம நடந்தார், ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் அண்ணி. கடையைச் சாத்திட்டு நானும் போனேன், சாட்சிக்கு ஒரு ஆள் வேணாமா. உள்ள போனதும் சின்னவர் கட்டை விரலை முன்னாடி நீட்டினார். நர்ஸ் அதைப் பார்த்துட்டு, "விரல் இருக்கட்டும், முதல்ல செருப்பு, சட்டை எல்லாம் கழட்டுங்க, தலையில இருந்து வரிசையா வர்றேன்"னு சொல்லுச்சு. அதே நர்ஸ்தானாம், கொஞ்சம் நரைச்சிருந்துச்சு. தலை முடி, காது மடல், முதுகு, விரல் இடுக்கு, உள்ளங்கால்னு ஒரு லென்சை வச்சுப் பார்த்துக்கிட்டே வந்துச்சு. கடைசியா விரலுக்கு வந்து நின்னுச்சு. டாக்டரைக் கூப்பிட்டுச்சு.

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். நம்மள மாதிரி கருத்த தோல்காரங்களுக்கு நகத்துல கோடு இருக்கிறது சகஜம்தான், நிறையப் பேருக்கு நாலு விரல்ல இருக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம்னார். ஆனா ஒரே ஒரு விரல்ல, இந்த வயசுல புதுசா வந்து, அகலமாகிட்டே போய், தோல்லயும் பரவினா விடக் கூடாது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கணும்னு சீட்டு எழுதினார்.

வெளியே வரும்போது பெரியவ நர்ஸ்கிட்ட நின்னா.

"என்னை ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லையேம்மா. வருஷத்துக்கு எத்தனையோ பேர் வர்றாங்க. முன்னாடி வந்திருக்கீங்களா?"

"வந்திருக்கேன்."

"நல்லது, வருஷா வருஷம் வாங்க"ன்னு நர்ஸ் சிரிச்சுட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடுச்சு. பெரியவ அந்த இடத்தை விட்டு நகர ரொம்ப நேரம் ஆச்சு. அவளைத் தவிர அந்த நாளை ஞாபகம் வச்சிருக்க இனி ஒரு ஆள் இல்ல. அது அவளுக்கு ஆறுதலா, இன்னும் கொடுமையான்னு எனக்குப் புரியல.

துணுக்கு எடுத்து முடிவு வர ரெண்டு வாரம்னாங்க. அந்த ரெண்டு வாரம் பட்டறையில யாரும் சத்தமா பேசல. சின்னவர் கட்டுப் போட்ட விரலோட நாற்காலியில உட்கார்ந்து மத்தவங்களுக்கு அளவு சொல்லிக்கிட்டிருந்தார். ஆணி அடிக்கிறவங்க பார்த்துப் பார்த்து அடிச்சாங்க. சின்னவ பெரியவகிட்ட மன்னிப்பெல்லாம் கேட்கல. ஆனா சோறு போடும்போது முதல் தட்டு அவளுக்குத்தான் வச்சா, சாப்பிட்டாளான்னு எட்டி எட்டிப் பார்த்தா.

மத்தியானம் பட்டறையில தனியா இருக்காதேன்னு பெரியவளை நான் என் கடைக்குக் கூப்பிட்டுக்கிட்டேன். பட்டன் தைக்கக் கொடுத்தேன். பூட்ஸை அவ மூட்டை கட்டி அலமாரி மேல வச்சுட்டா, நான் என் கண்ணால பார்த்தேன். ஒரு நாள் ஒரு மணி இருக்கும். எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. அவ என் முட்டியோட முட்டி இடிக்க உட்கார்ந்து ஒரு குழந்தைச் சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தா.

சர்ர், டக். சர்ர், டக்.

மேஜை வரைக்கும் போச்சு. திரும்பி வந்துச்சு. பெரியவ ஊசியை நிறுத்தல, தலையும் தூக்கல.

"நான் இங்க இருக்கேன்ல, அக்கா," மெதுவாச் சொன்னா.

"எலியா இருக்கும்டி."

"ம்," அவ சொன்னா. "எலிதான்." நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு அடுத்த பட்டனை எடுத்தா. நான் எழுந்து போய்ப் பார்க்கல. இன்னைக்கு வரைக்கும் பார்த்திருக்கலாமேன்னு ஒரு நாளும் தோணினது இல்ல.

முடிவு வந்துச்சு. அதேதான். புத்துதான். ஆனா தோலோட மேல் அடுக்கைத் தாண்டல, ஆரம்பத்துலயும் ஆரம்பம்னாங்க. நகத்தையும் அதுக்கு அடியில இருக்கிற தோலையும் சுத்தி எடுத்துட்டு, வேற இடத்துத் தோலை வச்சுத் தைச்சாங்க. எலும்பைத் தொடல. ஒன்பது நாள் கழிச்சுக் கட்டுப் பிரிக்கக் கூப்பிட்டிருந்தாங்க. நாங்க நாலு பேரும் டாக்டர் அறையில உட்கார்ந்திருந்தோம்.

கட்டைப் பிரிச்சப்போ விரல் அசிங்கமாத்தான் இருந்துச்சு. நகம் இல்ல, ஒட்டுப் போட்ட துணி மாதிரி இருந்துச்சு, அதுவும் நான் போடுற ஒட்டு அளவுக்கு நேர்த்தி இல்ல. டாக்டர் விரலை மடக்கச் சொன்னார். மடங்கிச்சு. மேஜை மேல இருந்த பேனாவைப் பிடிக்கச் சொன்னார். சின்னவர் பிடிச்சார், விழுந்துச்சு, மறுபடி பிடிச்சார். மூணாவது தடவை பேனாவை உளியைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு நிறுத்திட்டார். சின்னவ சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அழுதா. சின்னவரும் அழுதார், நானும் அழுதேன், வெட்கம் என்ன இதுல.

"சுத்தமா எடுத்தாச்சு," டாக்டர் சொன்னார். "ஓரத்துல எதுவும் மிச்சம் இல்ல. உளி பிடிக்கலாம், ஆணி பிடிக்கலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து உடம்பு முழுக்கக் காட்டிட்டுப் போகணும். வீட்டுல எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை. ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா நான் இப்படிச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

பெரியவ மட்டும் அழல. கட்டுப் பிரிச்ச துணியையே பார்த்துக்கிட்டிருந்தா.

"இவ்வளவுதானா, டாக்டர்?"

"இவ்வளவுதாம்மா."

"எடுத்தது எவ்வளவு பெருசு இருந்துச்சு?"

"கருப்பா இருந்த பாகமா? ஒரு உளுந்து அளவு. சீக்கிரம் வந்ததால."

அவ தலையை ஆட்டினா. 

"என் வீட்டுக்காரருக்கும் அவ்வளவுதான் இருந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி, குதிகால்ல. அப்போ எடுத்திருந்தா அவருக்கும் இவ்வளவுதானா?"

அறையில எல்லாருக்கும் அழுகை நின்னு போச்சு. டாக்டர் நல்ல மனுஷன். இல்லைன்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சார், எனக்கு அது முகத்துலயே தெரிஞ்சுது. ஆனா சொல்லல.

"அம்மா, அதை அப்போ பார்க்காம நான் எதுவும் சொல்ல முடியாது."

"நான் பார்த்தேன், டாக்டர்," பெரியவ சொன்னா. "தினம் பார்த்தேன்."

வெளியில அடுத்தவங்க பேரைக் கூப்பிட்டாங்க. சின்னவர் எழுந்து, தையல் போட்ட அந்தக் கையாலயே அண்ணியைப் பிடிச்சு எழுப்பினார்.